கோன் ஏர் ஃபில்டரா, டிராப்-இன்னா, கம்பெனி ஃபில்டரே போதுமா? சென்னை வெயில்ல ஓடுற வண்டிக்கு எது சரி

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல ஒரு கடைல கேட்டேன், ஓப்பன் கோன் ஃபில்டர், அலுமினியம் பைப்பு எல்லாம் சேத்து 18,000 ரூபா சொல்றாங்க, பத்து குதிரைசக்தி ஏறும்னு சொல்றாங்க, போட்டுடவா?" அவன்கிட்ட இருக்கறது 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், அவங்கப்பா ஓட்டி ஓட்டி இப்ப அவன் கைக்கு வந்திருக்கு, 1197 சிசி, டர்போ கிடையாது, ஷோரூம்ல இருந்து வந்தப்பவே 80-சொச்சம் குதிரைசக்திதான். காசு எதுவும் குடுத்துடாத, ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டு வா, பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னேன். நானே என் டர்போ பெட்ரோல் போலோ 1.0 டிஎஸ்ஐ-ல டிராப்-இன் ஃபில்டர் (கம்பெனி பாக்ஸுக்குள்ளயே உக்காருறது), ஓப்பன் கோன் (பாக்ஸே இல்லாம பானெட்டுக்குள்ள திறந்து நிக்கற கூம்பு ஃபில்டர்) ரெண்டையும் போட்டு ஓட்டி, கோனைக் கழட்டி வச்சவன், அதனால அவனுக்குச் சொன்னத அப்படியே இங்க எழுதறேன், இதே யோசனைல இருக்கற வேற யாருக்காவது உதவும்.

முதல்ல எஞ்சின் எவ்ளோ காத்து குடிக்குதுன்னு ஒரு கணக்கு போட்டுக்கலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன்னோட முழு அளவு காத்த இழுக்கும், 1197 சிசி எஞ்சின் 6,000 ஆர்பிஎம்ல சுத்துதுன்னா நிமிஷத்துக்கு 3,000 தடவை, அதாவது கிட்டத்தட்ட 3,600 லிட்டர், ஆனா சிலிண்டர் எப்பவும் முழுசா நிரம்பாது, ஒரு 85 சதவீதம்னு வச்சாலும் 3,000 லிட்டர் வந்துடும். நம்ம தெருவுக்கு வர்ற 6,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி ரெண்டு நிமிஷத்துல காலியாகற வேகம் அது. இத கேட்டா யாருக்கும் "அப்போ ஃபில்டர் பெருசா இருந்தா நல்லதுதானே"ன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா இது ஆக்சிலேட்டர தரையோட தரையா மிதிச்சு, முள்ளு சிவப்புக் கோட்டுக்கிட்ட நிக்கறப்ப மட்டும்தான்.

மத்த நேரம் என்ன நடக்குதுன்னா, பெட்ரோல் எஞ்சின்ல த்ராட்டில் பாடிக்குள்ள ஒரு தகடு இருக்கு, நீங்க கால லேசா வச்சு ஓட்டறப்ப அந்தத் தகடு முக்காவாசி மூடித்தான் இருக்கும், அதுக்கு அந்தப் பக்கம் மேனிஃபோல்டுல (சிலிண்டருக்குக் காத்தப் பிரிச்சுக் குடுக்கற குழாய்ல) அழுத்தம் 35, 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும், வெளில 101. அதாவது 60 கிலோபாஸ்கல் அளவுக்கு காத்த அடைச்சு வச்சிருக்கறது உங்க கால்தான், ஃபில்டர் இல்ல. அந்த நேரத்துல ஃபில்டர் அடைக்கறது ஒரு கிலோபாஸ்கல்ல சின்ன பங்குகூட இருக்காது. கிண்டி கத்திப்பாரால இருந்து தாம்பரம் வரைக்கும் காலைல ஆபீஸ் நேரத்துல எத்தனை தடவை முழு மிதி மிதிக்கறோம்? ஒரு தடவைகூட இல்ல. ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலைக்கு தகரம் கட்டி வச்சிருக்கற இடத்துல ரெண்டாவது கியரே அதிகம். பெங்களூரு ஹைவேல ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரிய ஓவர்டேக் பண்றப்ப ஒரு ஏழெட்டு செகண்ட் மிதிப்போம், இந்தச் செலவு மொத்தமும் அந்த ஏழெட்டு செகண்டுக்குத்தான்.

சரி, அந்த நேரத்துலயாவது எவ்ளோ கிடைக்கும்? இத கடைக்காரர் சொல்றத நம்பவும் வேணாம், நான் சொல்றத நம்பவும் வேணாம், உங்க வண்டியே சொல்லும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியா இருந்து, மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்த அளக்கறது) இருந்தா போதும். ஆயிரம் ரூபாக்குள்ள ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்ல செருகுங்க, போன்ல ஆப் போட்டு மேனிஃபோல்டு அழுத்தம் காட்டுற கட்டத்தத் திறங்க. சாவி மட்டும் போட்டு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம பாத்தா வெளிக்காத்து அழுத்தம் காட்டும், சென்னை கடல்மட்டத்துல இருக்கறதால 100, 101னு வரும். அப்புறம் காலியான ரோட்ல ரெண்டாவது கியர்ல முழு மிதி, 5,500 ஆர்பிஎம்ல என்ன வருதுன்னு பக்கத்துல உக்காந்திருக்கறவர் குறிச்சுக்கணும், ஓட்டறவர் போனப் பாக்கக்கூடாது. அந்த ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்னோர்கல் (வெளிக்காத்து உள்ள வர்ற குழாய்), பாக்ஸு, ஃபில்டர், பைப்பு, த்ராட்டில் பாடி எல்லாம் சேந்து எஞ்சினுக்குக் குடுக்கற தடை.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்ல அவன் ஸ்விஃப்ட்ல இதப் பண்ணினோம். சாவி மட்டும் போட்டப்ப 101. முழு மிதில 96. பாக்ஸத் திறந்து பாத்தா ஃபில்டர் கறுப்பா, மடிப்புக்குள்ள மண்ணு, ஒரு காஞ்ச வேப்பிலை, கடைசியா எப்ப மாத்தினதுன்னு அவங்கப்பாவுக்கே ஞாபகம் இல்ல. கையோட வாங்கிட்டு வந்திருந்த புது கம்பெனி காகித ஃபில்டரப் போட்டோம், விலை 400 ரூபாக்குள்ள. திரும்பவும் அதே ரோடு, அதே கியர், 98. "மாமா, இதுவே வேற வண்டி மாதிரி இருக்கு"ன்னான். ஆப் முழு எண்ணாத்தான் காட்டும், அதனால அரைக்கால் வித்தியாசமெல்லாம் இதுல தெரியாது, ஆனா பெரிய படம் தெளிவாத் தெரியுது. புது ஃபில்டரோட மிச்சம் இருக்கற தடை 3 கிலோபாஸ்கல். உலகத்துலயே சிறந்த இன்டேக் கிட்ட மாட்டி, எந்தத் தடையும் இல்லாம பண்ணிட்டாலும், அதிகபட்சம் 3 சதவீதம் காத்து கூடும், 80 குதிரைல அது ரெண்டரை குதிரை, அதுலயும் ஒரு பங்கு த்ராட்டில் பாடியோட தடை, அத ஃபில்டர் மாத்தி ஒண்ணும் பண்ண முடியாது. கடைக்காரர் சொன்ன பத்து குதிரைக்கு இடமே இல்ல.

காகித ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடும்னு வேற சொல்வாங்க. அமெரிக்கால ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல இத டெஸ்ட் பண்ணிப் பாத்துச்சு, இன்ஜெக்ஷன் வண்டில ஃபில்டர வேணும்னே அடைச்சு வச்சும் மைலேஜ்ல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல, ஏன்னா காத்து கம்மியா வந்தா இசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பெட்ரோலையும் கம்மியாத்தான் விடும். ஆனா அடைஞ்ச ஃபில்டர எடுத்துட்டு சுத்தமானது போட்டப்ப பிக்கப் 6-லிருந்து 11 சதவீதம் வரைக்கும் நல்லா ஆச்சு. அக்கா பையன் காலுக்குத் தெரிஞ்சது இதுதான். பழைய கார்புரேட்டர் காலத்துல கத வேற, அப்போ ஃபில்டர் அடைஞ்சா பெட்ரோல் அதிகமாப் போகும், மைலேஜும் அடிவாங்கும். ஆர்எக்ஸ் 100 வண்டில ஏர் பாக்ஸக் கழட்டிட்டு ஜெட்டு மாத்தி ஓட்டின பசங்க இருந்தாங்க, அந்த நெனப்புலதான் இன்னிக்கும் நெறைய பேரு காருக்கும் அதே வைத்தியம் பண்றாங்க.

இப்ப ஓப்பன் கோனுக்கு வருவோம், எனக்கு இதுல ரொம்ப வருத்தம் இருக்கு, ஏன்னா அதிகமா விக்கறதும் இதுதான், சென்னைக்குக் கொஞ்சமும் ஒத்துவராததும் இதுதான். கம்பெனிக்காரன் குடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பாக்ஸ நல்லாப் பாருங்க, அதுல இருந்து ஒரு ஸ்னோர்கல் கிளம்பி ஹெட்லைட்டுக்குப் பின்னாடியோ ரேடியேட்டர் கிரில்லுக்கு மேலயோ போயி நிக்கும், வெளிக்காத்து நேரா வர்ற இடம் அது. அதாவது நீங்க காசு குடுத்து வாங்க நெனக்கிற கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கனவே உங்க வண்டில இருக்கு. அதக் கழட்டிட்டு கோன மாட்டினா, பானெட்டுக்குள்ள, சைலன்சர் மேனிஃபோல்டு வெக்கையில, ரேடியேட்டர் ஃபேன் தள்ற சூட்டுல இருந்து எஞ்சின் மூச்சு விடணும்.

என் போலோல கோன் போட்டப்ப இன்டேக் டெம்பரேச்சர் பாத்துட்டே ஓட்டினேன், மே மாசம், வெளில 38 டிகிரி. ஓடிட்டிருக்கறப்ப பரவால்ல, 46, 47. மத்திய கைலாஷ் சிக்னல்ல நாலு நிமிஷம் நின்னேன், நம்பர் ஏறிட்டே போயி 68-ல நின்னுச்சு. சிக்னல் விழுந்து கிளம்பறப்ப வண்டி இழுக்கவே இல்ல. கம்பெனி பாக்ஸ திரும்ப மாட்டிட்டு அதே வாரம் அதே இடத்துல 51. இதுக்கு அர்த்தம் என்னன்னா, காத்தோட சூடு பத்து டிகிரி கூடினா அதோட அடர்த்தி சுமாரா 3 சதவீதம் குறையும், இது பள்ளிக்கூடத்துல படிச்ச வாயு விதிதான். 17 டிகிரி கூடினா 5 சதவீதம் போச்சு. மேல சொன்ன கணக்குல தடையெல்லாம் நீக்கினாலும் 3 சதவீதம்தான் லாபம்னு பாத்தோம், இங்க 5 சதவீதத்த வெக்கையில விட்டுட்டு நிக்கறோம். அதோட முடியல, காத்து சூடானா எஞ்சின் நாக் ஆகும் (பெட்ரோல் தாறுமாறா தானே வெடிச்சுத் தட்டும்), அதத் தடுக்க இசியு இக்னிஷன் டைமிங்க (பிளக் பொறி விடற நேரத்த) பின்னாடி இழுக்கும், அதுல இன்னும் கொஞ்சம் பவர் போகும். ஊட்டில இருக்கறவருக்கு இது அவ்ளோ பெரிய விஷயம் இல்லாம இருக்கலாம், அண்ணா சாலைல மதியம் ரெண்டு மணிக்கு ஓட்டறவருக்கு இதுதான் முழு விஷயமும்.

அப்போ எதுக்கு போடறவங்க எல்லாரும் "வண்டி பறக்குது"ன்னு சொல்றாங்க? சத்தம். கம்பெனி பைப்புல பக்கவாட்டுல மூடின டப்பா மாதிரி ஒண்ணு தொங்கும், அது ரெசனேட்டர், உறிஞ்சற சத்தத்த அடக்கறதுக்கு வச்சது. அதையும் பாக்ஸையும் எடுத்துட்டா எஞ்சின் காத்து உறிஞ்சற சத்தம் உள்ள வரைக்கும் கேக்கும், டர்போ வண்டின்னா கால எடுக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம். எனக்கும் அந்தச் சத்தம் புடிக்கும், மறைக்க மாட்டேன், முதல் ரெண்டு நாள் ஈசிஆர்ல ஜன்னல எறக்கிட்டு ஓட்டினேன். சத்தத்துக்காக 18,000 குடுக்கறேன்னு தெரிஞ்சு குடுத்தா அது அவங்கவங்க விருப்பம், சந்தோஷத்துக்கு விலை நாம சொல்ல முடியாது. பவருக்குன்னு நெனச்சு குடுத்து ஏமாறக்கூடாது, அவ்ளோதான் நான் சொல்றது.

நீளமா பைப்பு போட்டு ஃபில்டர பம்பருக்குள்ள கீழ எறக்கி வைக்கிற கிட்டு இன்னொண்ணு இருக்கு, இது 25,000, 30,000னு போகும். சூட்டுப் பிரச்சினை இதுல கிட்டத்தட்ட தீந்துடும், காத்து நிஜமாவே குளிர்ச்சியா வரும், காகிதத்துல பாத்தா இதுதான் சரியான டிசைன். ஆனா நம்ம ஊர்ல நவம்பர், டிசம்பர்னு ரெண்டு மாசம் இருக்கு. 2021 நவம்பர் மழைல என் நண்பர் ஒருத்தர் பள்ளிக்கரணைகிட்ட முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணில மெதுவாத்தான் போனார், பக்கத்துல ஒரு பஸ் போயி அலை அடிச்சுது, பம்பருக்குள்ள இருந்த ஃபில்டர் தண்ணிய அப்படியே உறிஞ்சிடுச்சு. தண்ணிய பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளஞ்சுடுச்சு, எஞ்சின் பிரிச்சு ஒண்ணே கால் லட்சம் செலவு. அந்த கிட்ட மாட்டின கடைல இதப்பத்தி ஒரு வார்த்தைகூட சொல்லல. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசில இந்த மாதிரி தண்ணி உறிஞ்சி போன எஞ்சினுக்கு பெரும்பாலும் காசு வராது, எஞ்சின் புரொடெக்ஷன் ஆட்-ஆன் தனியா எடுத்திருக்கணும், அது இருந்தாலும் வண்டில மாத்தினத சர்வேயர் பாத்தா கேள்வி கேப்பார். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி ஃப்ளைஓவர் மேல வரிசையா கார கொண்டுபோயி நிறுத்தினாங்களே ஜனங்க, அந்த ஊர்ல இருந்துட்டு காத்து இழுக்கற வாய தரைக்கு ஒரு அடி மேல வைக்கறது எனக்கு மனசுக்கே ஒப்பல.

அடுத்தது டிராப்-இன், அதாவது கம்பெனி பாக்ஸ் அப்படியே இருக்கும், காகிதத்துக்கு பதிலா கே அண்ட் என், பிஎம்சி மாதிரி எண்ணெய் தடவின பஞ்சு ஃபில்டர் உக்காரும். நான் வாங்கறப்ப 6,000 ரூபா கிட்ட ஆச்சு. ஸ்னோர்கல் இருக்கறதால சூட்டுப் பிரச்சினை இல்ல, தண்ணிப் பிரச்சினை இல்ல, வேணாம்னா அஞ்சு நிமிஷத்துல பழசுக்கு மாறிடலாம். பவர்? புது காகித ஃபில்டரோட வச்சுப் பாத்தா என்னால எந்த வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியல, மேல சொன்ன மாதிரி மிச்சமே 3 கிலோபாஸ்கல்தான் இருக்கு, அதுல இது அரை எடுத்தா பெருசு. இதோட உண்மையான லாபம் கழுவிக் கழுவித் திரும்பப் போடலாம்கறதுதான், ஆனா 400 ரூபா காகித ஃபில்டர் பதினஞ்சு வாங்கினாத்தான் 6,000 ஆகும், கழுவற கிட்டுக்கு வேற தனிக் காசு, பத்து வருஷம் அதே வண்டிய வச்சிருக்கறவருக்குக்கூட கணக்கு ஒட்டிக்கு ஒட்டியாத்தான் வரும்.

தூசி விஷயத்த இதுல விட்டுடக்கூடாது. நல்ல காகித ஃபில்டர் தூசில 99 சதவீதத்துக்கு மேல புடிச்சுடும், பஞ்சு ஃபில்டர் அதவிடக் கொஞ்சம் கம்மி. ஒரு சதவீதம்தானேன்னு தோணும், ஆனா உள்ள போற தூசிய வச்சுப் பாத்தா ஒண்ணு ரெண்டாகுது, அந்தத் தூசி மணல், சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். சோழிங்கநல்லூர் மாதிரி மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்கற ரோட்ல தினமும் போறவங்க வண்டிய ரெண்டு நாள் கழுவாம விட்டாலே கண்ணாடில எழுதலாம், அந்த ஊர்ல நான் வடிகட்டுறத குறைக்க மாட்டேன். இன்னொண்ணு, கழுவிட்டு எண்ணெய அதிகமா ஊத்திட்டா அது காத்தோட போயி மாஃப் சென்சார் (உள்ள வர்ற காத்தோட அளவ அளக்கறது) மேல படியும், அந்த சென்சார் இருக்கற வண்டில, முக்கியமா டீசல்ல, காத்து அளவு தப்பாப் போயி வண்டி முழிக்கும். டீசல் வண்டிக்கு நான் காகிதத்தத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டேன்.

டர்போ பெட்ரோல் வச்சிருக்கறவங்க கேப்பாங்க, எங்களுக்காவது இன்டேக் வேலை செய்யுமான்னு. டர்போ வண்டில இசியு தனக்கு இவ்ளோ பூஸ்ட் (டர்போ திணிக்கற காத்தழுத்தம்) வேணும்னு ஒரு குறி வச்சிருக்கும், ஃபில்டர் கொஞ்சம் அடைச்சாலும் வேஸ்ட்கேட்ட (புகைய டர்போவுக்குப் போகாம வெளிய விடற கதவ) மூடி டர்போவ இன்னும் வேகமா சுத்தி அதே பூஸ்ட கொண்டுவந்துடும், அதனால ஃபில்டர மாத்தினா மட்டும் பவர் அப்படியேதான் இருக்கும், குறிய மாத்தணும், அதுக்குப் பேர்தான் ரீமேப். என் போலோ கம்பெனில இருந்து 110 குதிரை, 175 நியூட்டன் மீட்டர், அந்த எஞ்சினுக்கு ஸ்டேஜ் ஒன் ரீமேப்னா 20 குதிரைக்கு மேல கூடும், கம்பெனி ஃபில்டரோடயே. 30,000 ரூபா பவருக்குன்னே செலவு பண்றதா இருந்தா, இந்த வரிசையிலேயே நிஜமாப் பவர் தர்றது இது ஒண்ணுதான். நான் பண்ணல, வாரன்டி இருந்துச்சு, கியர்பாக்ஸ் கிளட்ச் மேல போற பாரத்த நெனச்சுப் பாத்தேன், இப்ப இருக்கற 110 எனக்குப் போதும். டர்போ இல்லாத ஸ்விஃப்டுக்கு ரீமேப்ல கிடைக்கறது சொற்பம், அத அவன்கிட்ட பேசவே இல்ல.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அளவுல இருந்து வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் இத உறுதியாச் சொல்லிடுச்சு, அதே வருஷத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, இல்ல ரெண்டுமோன்னு 182ஏ பிரிவுல வந்திருக்கு. அதே அளவு ஃபில்டர பாக்ஸுக்குள்ள மாத்தறத யாரும் கேக்கப்போறதில்ல, பானெட்டத் திறந்தா பளபளன்னு அலுமினியம் பைப்பு தெரியறது வேற விஷயம். வாரன்டி இருக்கற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல அதக் காட்டியே கிளைமத் தட்டிக் கழிப்பாங்க.

இதெல்லாம் கேட்டுட்டு அக்கா பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அவனுக்கு ஆசை அதிகம், இருங்காட்டுக்கோட்டை டிராக்ல போயி ஓட்டணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கான், அந்த ஆசைய நான் அணைக்க நெனக்கல. "அப்ப 18,000 என்ன பண்றது மாமா?"ன்னு கேட்டான். டயரக் காட்டினேன், முன்னாடி ரெண்டும் கோடு தேஞ்சு கிடக்கு, ஸ்பார்க் பிளக் எப்ப மாத்தினதுன்னு தெரியல, த்ராட்டில் பாடிய விரலால தொட்டா கரி ஒட்டுது. பிளக்கு நாலு, த்ராட்டில் பாடி க்ளீனிங், வீல் அலைன்மென்ட், நல்ல டயர் ரெண்டு, எல்லாம் சேத்து அந்தக் காசுக்குள்ளயே அடங்கும், இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர் டிராக்ல வளைவுல அவன காப்பாத்தப்போறது டயர்தான், ரெண்டரை குதிரை இல்ல.

புதன்கிழமை டயரும் பிளக்கும் மாத்திட்டான். த்ராட்டில் பாடி வர்ற சனிக்கிழமை எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட. ஞாயிறு காலைல ஆறு மணிக்கு திரும்ப அவுட்டர் ரிங் ரோடு, 98 எவ்ளோ ஆகுதுன்னு பாக்கப்போறோம்.